நடுவில் மடிந்த அம்பாசிடர்

டிங்கரிங் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குச் சுத்தியல் பிடிப்பதையும் வெல்டிங் தீ வைப்பதையும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஷெட்டில் நிற்க நிற்கக் கை அதைத் தானாகப் பழகிக்கொள்ளும். கை பழகிய பிறகும் எளிதில் பழகாத ஒன்று உண்டு. வண்டி கண்ணெதிரே கெட்டுக்கொண்டிருக்கும், சுற்றி நிற்பவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், வண்டிக்காரர் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் முதலில் எதைச் செய்வது, எதைச் செய்யாமல் விடுவது என்ற முடிவு இருக்கிறதே, அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டோரம் ஷெட் வைத்து பஸ், லாரி, கார் என்று எத்தனையோ வண்டிகளின் உடம்பை நிமிர்த்தியிருக்கிறேன். ஆனால் என்னை ஆட்டிவைத்த வேலை, ஷெட்டை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் வந்தது. அதுவும் ஷெட்டில் நடந்ததில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வீட்டுக் கொட்டகையில் நடந்தது.

ஒருநாள் மதியம் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருந்தேன். போன் அடித்தது. எடுத்தால் பழக்கமில்லாத பெண் குரல்.

"அண்ணே, டிங்கரிங் வேலை செய்யிறது நீங்கதானே? என் அம்பாசிடர் நடுவுல மடிஞ்சிருச்சுண்ணே."

விபத்து என்று நினைத்து, எங்கே இடித்தீர்கள், யாருக்கும் அடியா என்று கேட்டேன்.

"இடிக்கலண்ணே. வீட்லதான் நிக்குது. நான்தான் அறுத்தேன்."

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு பதிலை நான் கேட்டதே இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அந்தப் பெண்ணின் பெயர் எஸ்தர். ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். வீட்டுக்காரர் ராணுவத்தில் இருந்தார், வடக்கே எங்கேயோ எல்லையில். வீட்டை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. அதற்குள் பழைய அம்பாசிடர் ஒன்று சக்கரம் கழற்றிய நிலையில் நின்றது. முன்னால் இரண்டு இடத்திலும் பின்னால் இரண்டு இடத்திலும் செங்கல் அடுக்கி அதன் மேல் தூக்கி வைத்திருந்தார். எஸ்தர் கையில் கிரைண்டர். முகம், தலை, கண்ணிமை எல்லாம் துருப் பொடி. தெருவில் பாதிப் பேர் கொட்டகைக்குள் நின்றார்கள்.

என்ன நடந்தது என்று பார்த்தவுடன் புரிந்துவிட்டது. இந்தக் காருக்கு லாரி மாதிரி தனியாகச் சட்டம் கிடையாது. உடம்புதான் சட்டம். இரண்டு பக்கமும் கதவுகளுக்கு அடியில் முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை நீளமாக ஒரு தகட்டுப் பெட்டி ஓடும். அதுதான் வண்டியின் முதுகெலும்பு. துரு முதலில் பிடிப்பதும் அதைத்தான். எஸ்தர் போனில் வீடியோக்கள் பார்த்து, துருப்பிடித்த தகட்டை அறுத்து எடுத்துவிட்டுப் புதிது வைக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டிருந்தார். அது சரிதான். ஆனால் ஒரு பக்கத்தை அறுத்துப் புதிது வைத்துப் பற்றவைத்த பிறகுதான் மறு பக்கத்தைத் தொட வேண்டும். அதற்கும் முன்னால் கதவு இடைவெளிகளில் குறுக்குக் கம்பி கொடுத்து உடம்பை இறுக்கிக் கட்ட வேண்டும். இவர் உற்சாகத்தில் இரண்டு பக்கத்தையும் அறுத்துவிட்டார். இரண்டாவது பக்கம் அறுபட்டதும் கடக் என்று ஒரு சத்தம், வண்டி நடுவில் இறங்கிவிட்டது. கதவுகளின் மேல் விளிம்பு நிலையோடு இறுகிப்போய்த் திறக்கவில்லை. கீழே என் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி.

"கொஞ்சம் முன்னாடி வரைக்கும் அடியிலதான் படுத்திருந்தேன்," என்றார் எஸ்தர். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் குனிந்து செங்கல் அடுக்குகளைப் பார்த்தேன்.

பக்கத்து வீட்டு லாரிக்காரர் பெரிய ஜாக்கியோடு தயாராக நின்றார். நடுவில் கொடுத்து ஒரே தூக்காகத் தூக்கிவிடலாம் என்றார். இன்னொருவர் கதவைக் கடப்பாரையால் நெம்பச் சொன்னார். எஸ்தருக்கும் அதே அவசரம். அந்த இறக்கத்தை ஒரு நிமிஷம் கூடப் பார்க்க அவருக்கு மனசில்லை.

நான் முதலில் எல்லோரையும் கொட்டகைக்கு வெளியே போகச் சொன்னேன். பிறகு கழற்றி வைத்திருந்த சக்கரங்களை ஒவ்வொன்றாக வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டுத் தள்ளினேன். செங்கல் நழுவினால் வண்டி சக்கரத்தின் மேல்தான் உட்காரும், யார் மேலும் உட்காராது. அவ்வளவுதான் அன்றைக்கு நான் செய்த வேலை. லாரிக்காரரிடம் ஜாக்கியைத் திருப்பி எடுத்துப் போகச் சொன்னேன். வண்டியின் துருப்பிடித்த தரைத் தகட்டில் ஜாக்கி கொடுத்தால் வண்டி எழும்பாது, ஜாக்கிதான் தரையைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும்.

"அப்ப இன்னைக்கு ஒண்ணும் செய்யலையாண்ணே?" என்று எஸ்தர் கேட்டார்.

"செத்த நேரம் பாக்கப் போறேன். பொறவு வீட்டுக்குப் போறேன்," என்றேன்.

வந்தவர்களுக்குப் பெரிய ஏமாற்றம். ராஜபாளையத்திலிருந்து கூட்டி வந்த ஆள் காபி குடித்துவிட்டு வண்டியைச் சுற்றி நடக்கிறான் என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும். ஆபத்தை முதலில் நிறுத்துங்கள், அது ஒரு நொடியும் காத்திருக்கக் கூடாது. ரிப்பேர் காத்திருக்கலாம். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்பவர்கள்தான் வண்டியையும் கெடுக்கிறார்கள், கையையும் ஒடித்துக்கொள்கிறார்கள்.

மறுநாள் ஒரு கனமான வேப்பம் பலகை, இரண்டு சின்ன ஜாக்கி, வாசல் நிலைக்கு வெட்டிய மிச்ச ஆங்கிள் கம்பிகள், வெல்டிங் செட் எல்லாவற்றையும் ஆட்டோவில் போட்டுக்கொண்டு போனேன். கூலிக்கு ஒத்துக்கொண்ட வேலையா என்று என் வீட்டில் கேட்டார்கள். உண்மையைச் சொன்னால், அந்த வண்டி நிமிருமா நிமிராதா என்று பார்க்காமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

பலகையை அடியில் குறுக்குவாட்டில் கொடுத்து, பாரம் பரவுகிற மாதிரி வைத்து, இரண்டு பக்கமும் ஒரே அளவில் ஜாக்கியை ஏற்றினோம். எஸ்தர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கொஞ்சம் ஏற்றுவோம், நிறுத்துவோம், கதவு இடைவெளியை மூலைக்கு மூலை அளப்போம், மறுபடி கொஞ்சம். நர்ஸ் கை என்பது தெரிந்தது. சொன்ன அளவுக்கு மேல் அரைச் சுற்று கூட அவர் கை போகவில்லை. வண்டி உள்ளுக்குள் முனகியது. அறுத்த தகட்டின் இரண்டு முனைகளும் விலகி நின்றவை மெல்ல மெல்ல ஒன்றை நோக்கி ஒன்று வந்தன. நான் டிரைவர் பக்கக் கதவின் கைப்பிடியில் ஒரு கையை வைத்திருந்தேன். இன்னும் கொஞ்சம் என்றேன். எஸ்தர் ஏற்றினார். என் கைக்குள் அந்தக் கதவு டக் என்று விடுபட்டு, தானாகவே ஒரு சாண் திறந்தது.

எஸ்தர் வண்டியைச் சுற்றி ஓடிப்போய் மற்ற மூன்று கதவுகளையும் திறந்து மூடினார். மறுபடி திறந்து மறுபடி மூடினார். எனக்கு விசில் அடிக்க வேண்டும் போலிருந்தது. அந்த வயதிலும் அடித்தேன்.

அந்தக் கணமே கதவுகளைக் கழற்றி, திறப்புகளில் ஆங்கிள் கம்பியைக் குறுக்கே வைத்துப் பற்றவைத்துவிட்டேன். இனி அடியில் எதை அறுத்தாலும் மேலே ஆடாது.

அன்று வேலை முடிந்து டீ குடிக்கும்போதுதான், இந்தத் துருப்பிடித்த வண்டி மேல் உனக்கு என்னம்மா இப்படி ஒரு வெறி என்று கேட்டேன். எஸ்தர் சொன்ன கதை இது. அவர் அம்மாவுக்கு ஊர் கூமாப்பட்டி. பிள்ளைப்பேறுக்கு வலி எடுத்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது, சுந்தரபாண்டியம் தாண்டுவதற்குள் டாக்ஸியின் பின் சீட்டிலேயே எஸ்தர் பிறந்துவிட்டார். டாக்ஸி ஓட்டியவர் தங்கையா. வண்டியை ஓரங்கட்டி, தன் வேட்டியைக் கிழித்துப் பிள்ளையைச் சுற்றிக் கொடுத்து, அப்புறம் தாயையும் பிள்ளையையும் அலுங்காமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தவர். அந்த டாக்ஸிதான் இது. தங்கையா விற்று, வாங்கியவர் விற்று, கடைசியில் பிளவக்கல் அணைப் பக்கம் ஒரு தோப்பில் கோழி அடையும் இடமாகக் கிடந்திருக்கிறது. எஸ்தர் தேடிப் பிடித்து வாங்கிவிட்டார். இன்ஜின், பிரேக் எல்லாம் ராஜபாளையத்தில் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்துத் தயார் செய்துவிட்டார். உடம்பை மட்டும் தானே செய்ய வேண்டும் என்று அவருக்கு ஆசை.

தங்கையா சுந்தரபாண்டியத்தில்தான் இன்னும் இருந்தார். மனைவி போன பிறகு தனியாக இருந்தவரை, மகன் ஓசூருக்குக் கூட்டிப்போக முடிவு செய்திருந்தார். ஆடி முடிந்து கூட்டிப்போவதாகப் பேச்சு.

"அவிய போறதுக்குள்ள ஒரு தடவ இத அவிய கையாலயே ஓட்டிப் பாத்துரணும்ணே. அம்புட்டுத்தான்," என்றார் எஸ்தர்.

அதற்குப் பிறகு நான் தினமும் காலையில் பஸ் ஏறினேன். எஸ்தர் டியூட்டி நேரம் போக மிச்ச நேரமெல்லாம் கொட்டகையில்தான்.

வெளியே பார்க்க வண்டி அவ்வளவு மோசமில்லை. கறுப்புப் பெயின்ட் மங்கியிருந்தாலும் வழவழப்பாக இருந்தது. நான் ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து, கழற்றி வைத்திருந்த ஒரு கதவின் அடிப்பாகத்தில் வைத்தேன். ஒட்டாமல் விழுந்தது. பின் சக்கர வளைவில் வைத்தேன், விழுந்தது. வழவழப்பாக இருந்ததெல்லாம் பட்டிப் பூச்சு. யாரோ துருவின் மேல் பட்டியை அப்பித் தேய்த்துப் பெயின்ட் அடித்திருந்தார்கள். எஸ்தர் அந்தக் காந்தத்தை என்னிடமிருந்து வாங்கி வண்டி முழுக்க ஓட்டினார். விழுந்த இடத்திலெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். முடித்துவிட்டு எட்ட நின்று பார்த்தபோது வண்டிக்கு அம்மை போட்ட மாதிரி இருந்தது. அழுவார் என்று நினைத்தேன். சிரித்துவிட்டார். எம்புட்டு இருக்குன்னு தெரிஞ்சிருச்சுல்ல, இனி பயமில்ல என்றார். நோயைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி நிம்மதி என்று பழகியவர் அல்லவா.

எல்லாவற்றையும் அறுத்தவர் ஒரே ஒரு இடத்தில் மட்டும் கிரைண்டரைக் கீழே வைத்தார். பின் சீட்டுக்கு அடியில் இருந்த தரை. தார் பூசி, மேலே சாக்கு ஒட்டியிருந்த பழைய தகடு. அது மட்டும் இருக்கட்டும்ணே, மேலே ஒரு புதுத் தகடு போட்டு மூடிக்கலாம் என்றார். காரணம் எனக்குத் தெரியும், அவர் பிறந்தது அந்தச் சீட்டில்தானே.

இந்த இடத்தில் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். தொழில் தெரிந்தவன் ஒரே வார்த்தையில் முடியாது என்று சொல்லிவிடலாம். அல்லது வண்டிக்காரர் மனசு நோகாமல் இருக்கட்டும் என்று ஒட்டுப் போட்டுக் கொடுத்துவிடலாம். நான் இரண்டையும் செய்யவில்லை. அவரை வண்டிக்குள் உட்காரச் சொல்லிவிட்டு, ஒரு பல்பை எரியவிட்டு அடியில் பிடித்தேன். தரை முழுக்க வெளிச்சம் சல்லடை மாதிரி ஒழுகியது. அவர் கால் வைத்திருந்த இடத்தைச் சுற்றிலும் ஓட்டை. பிறகு சாக்பீஸ் கேட்டு வாங்கி, எங்கே அறுக்க வேண்டுமோ அந்தக் கோட்டை அவரே போட்டார். அறுத்ததும் அவரேதான். தகடு விழுந்தபோது ஒரு நிமிஷம் அதைப் பார்த்தார், பிறகு காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

நெருப்பு வந்தது அடுத்த வாரம்.

முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவில் நிற்கிற தூணின் அடியில் புதுத் தகட்டைப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். பெட்ரோல் டாங்கைக் கழற்றி வெளியே வைத்திருந்தோம், சீட், பஞ்சு எல்லாம் எடுத்தாகிவிட்டது. எரிய எதுவும் இல்லை என்று நினைத்தேன். திடீரென்று தூணின் மேல் ஓட்டையிலிருந்து புகை. மஞ்சள் நிறத்தில், முடி கருகுகிற நாற்றத்தோடு குபுகுபுவென்று வந்தது. தூண் உள்ளே வெற்றுக் குழாய். அதற்குள் எலி கூடு கட்டி, நாரும் கந்தலுமாக அடைத்து வைத்திருந்திருக்கிறது. தோப்பில் கிடந்த வண்டி என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

எனக்கு வந்த முதல் எண்ணம், தூணை உடைத்துத் திறந்து உள்ளே இருப்பதை இழுத்துப் போடுவது. உளியை எடுத்துவிட்டேன். எஸ்தர் என் கையைப் பிடித்தார்.

"தொறக்காதீங்கண்ணே. காத்து உள்ள போனா பிடிச்சு எரியும்."

சொல்லிக்கொண்டே, துடைப்பதற்காக வைத்திருந்த சத்திரப்பட்டித் தறியில் நெய்த பேண்டேஜ் துணியை வாளித் தண்ணீரில் முக்கிப் பிழியாமல் எடுத்தார். தூணில் எங்கெல்லாம் ஓட்டை இருந்ததோ அங்கெல்லாம் திணித்து அடைத்தார். காயத்துக்குப் பஞ்சு வைக்கிற மாதிரியே விரலால் அழுத்தி அழுத்தி வைத்தார். மேல் ஓட்டை ஒன்றை மட்டும் விட்டு, அதன் வழியாகச் சொம்பால் தண்ணீர் ஊற்றினார். உள்ளே சுர்ரென்று சத்தம் வந்தது. நான் உளியைக் கீழே போட்டுவிட்டுத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிற வேலையைப் பார்த்தேன். புகை வெள்ளையாகி, மெலிந்து, நின்றது. அதற்குப் பிறகும் அவர் துணியை எடுக்க விடவில்லை. தூணைத் தொட்டுப் பார்த்து, சூடு முழுசாக இறங்கிய பிறகுதான் எடுத்தார்.

பற்றவைக்கிற வேலையில் எனக்கு இருக்கிற அனுபவத்தில் பத்தில் ஒரு பங்கு கூட அவருக்குக் கிடையாது. ஆனால் பதற்றத்தில் என்ன செய்வது என்பது அவர் தினமும் பார்க்கிற வேலை. பக்கத்தில் நிற்பவர் தெளிவாக இருக்கும்போது, நான் பெரிய ஆள் என்று நீங்கள் உளியைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். கையை விடுங்கள். வண்டி பிழைக்கும்.

நெருப்பு அணைந்த சந்தோஷத்தில் இருந்தபோதுதான் தங்கையாவின் மகனிடமிருந்து எஸ்தருக்குப் போன் வந்தது. லீவு மாற்றிக் கிடைத்துவிட்டதாம். ஆடி முடியும் வரை இருக்க முடியாது, வருகிற ஞாயிற்றுக்கிழமையே அப்பாவைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறார்.

அப்போது வண்டி இருந்த நிலையைச் சொல்கிறேன். இடது பக்க முதுகெலும்புத் தகடு முழுசாகப் பற்றவைத்தாகிவிட்டது. தரையும் முடிந்தது. வலது பக்கம் மட்டும் அங்கங்கே பொட்டுப் பொட்டாகத்தான் பிடித்து வைத்திருந்தேன். முழுப் பற்று இன்னும் போடவில்லை. வெளியே முழுக்க வெறும் தகடு, தேய்த்த கோடுகள், ஒட்டுத் தழும்புகள்.

என் பழைய கூட்டாளி வெங்கடசாமி பெயின்டர். பெயின்ட் அடிக்க அவரைத்தான் சொல்லி வைத்திருந்தோம். அவர் வந்து பார்த்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், சந்தோஷம் வந்தாலும் கோபம் வந்தாலும் முதலில் தெலுங்குதான் வரும். பாகுந்தி, பாகுந்தி, நன்றாயிருக்கிறது என்று தகட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, இன்றைக்கே ஆரம்பித்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் பட்டி போட்டுத் தேய்த்துக் கறுப்பில் கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொடுப்பேன் என்றார். ஆனால் ஒன்று, நான் அதற்கு நடுவில் தீ வைக்கக் கூடாது. பெயின்டும் வெல்டிங்கும் ஒரே வண்டியில் ஒரே நேரத்தில் நடக்காது.

அதாவது இரண்டில் ஒன்று. வலது பக்கத்தைப் பொட்டுப் பற்றோடு விட்டுவிட்டு மேலே அழகு செய்வது. அல்லது வலது பக்கத்தை முடித்துவிட்டு வெறும் உடம்போடு நிறுத்துவது.

எஸ்தர் முதல் தடவையாக என்னிடம் கெஞ்சினார். ஒரே ஒரு ஓட்டம்தானே, மெதுவாகத்தானே போகப் போகிறோம், திரும்பி வந்த பிறகு பெயின்டைச் சுரண்டிவிட்டு மிச்சத்தைப் பற்றவையுங்கள் என்றார். வெங்கடசாமியும் அதையே சொன்னார்.

"அவிய இத்தன வருசம் கழிச்சுப் பாக்கும்போது இப்படியாண்ணே பாக்கணும்? தழும்பும் தையலுமா?" என்று கேட்டார் எஸ்தர். கண் கலங்கியிருந்தது.

நீங்கள் இந்தத் தொழிலில் இருக்கிற வரைக்கும் இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கும். கல்யாணம், திருவிழா, கண்காட்சி என்று ஒரு தேதியைக் கொண்டுவந்து உங்கள் முன்னால் வைப்பார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆசைப்பட்டவர்கள். அதனால்தான் மறுப்பது கஷ்டம். நான் ஒன்றே ஒன்றுதான் எஸ்தரிடம் கேட்டேன்.

"ஆஸ்பத்திரியில ஒரு ஆளுக்குப் பாதித் தையல் போட்டுட்டு, மேல நல்ல சட்டைய மாட்டி வீட்டுக்கு அனுப்புவியாம்மா?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் வெல்டிங் கண்ணாடியை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

அதன் பிறகு நடந்த மூன்று நான்கு நாளை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை பரபரக்கிறது. வலது பக்கம் முழுவதையும் பற்றவைத்தேன். ஒரே இடத்தில் தொடர்ந்து பற்றவைத்தால் தகடு சூட்டில் நெளியும். அதனால் இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று மாறி மாறிப் போக வேண்டும். எவ்வளவு அவசரமோ அவ்வளவு மெதுவாகப் போக வேண்டும். எஸ்தர் லீவு போட்டுவிட்டார். நான் பற்றவைத்துக்கொண்டே போக, அவர் பின்னாலேயே தேய்த்துக்கொண்டு வந்தார். பெயின்ட் இப்போது இல்லை என்றதும் கோபித்துக்கொண்டு போன வெங்கடசாமி, மறுநாள் காலையில் ஒன்றும் சொல்லாமல் தன் ஸ்பிரே துப்பாக்கியோடு வந்து வாசல் திண்டில் உட்கார்ந்தார். நான் தீயை அணைத்த மறு நிமிஷம் எழுந்து, துரு ஏறாமலிருக்க வண்டி முழுக்கச் சாம்பல் நிறப் பிரைமர் அடித்தார். உள் குழிகளில் கூட விடவில்லை. பட்டி ஒரு துளி போடவில்லை. தழும்பெல்லாம் அப்படியே தெரிந்தது. குறுக்குக் கம்பிகளை அறுத்து எடுத்து, சக்கரம், டாங்க், சீட், கதவு எல்லாவற்றையும் திருப்பி மாட்டினோம். நாலு கதவும் ஒரு விரலால் தள்ளினாலே சாத்திக்கொண்டன.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கையாவை மகன் கூட்டி வந்தார். ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை, கண்ணாடி. எஸ்தர் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்கிற மாதிரி, இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை, வேலை முடியவில்லை என்று ஆரம்பித்தார். அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். எங்கள் ஒட்டுத் தழும்பு ஒவ்வொன்றின் மேலும் விரலை ஓட்டினார். எனக்குப் பரீட்சைத் தாள் திருத்துவதை எதிரில் நின்று பார்க்கிற மாதிரி இருந்தது.

"சாவி எங்க தாயி?" என்று மட்டும் கேட்டார்.

மகனுக்குப் பயம். அப்பா வண்டி ஓட்டி ரொம்ப வருஷமாகிவிட்டது என்றார். தங்கையா அதற்குள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, ஸ்டியரிங் ஓரத்தில் இருக்கும் கியரைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். லைசென்ஸைப் புதுப்பித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார் மனிதர். எடுத்துக் காட்டிவிட்டு மறுபடி உள்ளே வைத்தார்.

நான் முன்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எஸ்தரும் மகனும் பின்னால். வண்டி தெருவைத் தாண்டி மெயின் ரோட்டுக்கு வந்தது. என் காது முழுக்க வண்டியின் அடியில்தான் இருந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு முனகல் வருமா, ஒரு கிரீச் வருமா என்று காத்திருந்தேன். வரவில்லை. தங்கையாவுக்கு அந்தக் கவலை எதுவும் இல்லை. கிருஷ்ணன்கோயில் போவதற்குள் இரண்டு சைக்கிள்காரர்களையும் ஒரு டிராக்டரையும் தாண்டிவிட்டார். எதிரே வந்த பஸ் டிரைவர் ஹாரன் அடித்துக் கை காட்டினார். எஸ்தர் பின்னால் சிரித்துக்கொண்டே இருந்தார், சத்தம் கேட்டது.

கிருஷ்ணன்கோயிலில் வத்திராயிருப்பு ரோட்டில் திரும்பினோம். பஸ் ஸ்டாப்பில் ஒரு அம்மா, காலடியில் முருங்கைக்காய்க் கட்டோடு நின்றிருந்தார். எங்கள் வண்டியைப் பார்த்ததும் கையை நீட்டினார். தங்கையா என்ன ஏது என்று எங்களைக் கேட்கவே இல்லை. கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விட்டது. அந்த அம்மாவுக்கு நேராக, கதவு அவர் கைக்கு எட்டுகிற மாதிரி கச்சிதமாக நிறுத்தினார்.

"எங்க போகணும்?"

"வத்ராப்பு. என்னய்யா, வண்டிக்குச் சாயமே அடிக்கல?"

"பொறவு அடிப்பாக. நீ ஏறு மொதல்ல."

எஸ்தர் நகர்ந்து இடம் கொடுத்தார். மகன் முருங்கைக்காய்க் கட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அந்த அம்மா ஏறி உட்கார்ந்து சேலையை உள்ளே இழுத்துக்கொண்டு, டாக்ஸிக் கதவை எப்படிச் சாத்துவார்களோ அப்படி, உடம்பின் பலத்தையெல்லாம் கூட்டிக் கதவைப் படாரென்று அறைந்து சாத்தினார்.

நான் திரும்பித் தூணைப் பார்த்தேன், பற்றைப் பார்த்தேன், தரையைப் பார்த்தேன். எஸ்தரும் அதே இடங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கீறல் இல்லை. ஒரு பிரைமர்ப் பொடி கூட உதிரவில்லை. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

தங்கையா அதற்குள் இரண்டாவது கியருக்கு மாறிவிட்டிருந்தார்.